மறுமொழி வந்த வழி

கடிதம் எழுதுவோர் உறையின் ஓரத்திலே தம் பெயரையும் முகவரியையும் பொறித்து அனுப்புதல் நெடுநாளைய வழக்கம். பெறுபவர் மறுமொழி எழுதும்போது அவ்வோரத்தைப் பார்த்தே எழுதுவர். இதில் ஐயுறுவதற்கு யாதுமில்லை. தன் வீடு எங்கே இருக்கின்றதென்று தனக்குத் தெரியாதவர் உலகில் உண்டோ? ஆயினும், தான் இருக்கும் இடம் தனக்குத் தெரிந்திருந்தும், அவ்விடத்தை வெளியுலகம் எந்தப் பெயரால் அறிகின்றது என்பதை அறியாத நிலை ஒன்று உண்டு. நம் வீடுகளிலுள்ள கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் பெரும்பாலானவை இன்று அந்நிலையிலேயே இருக்கின்றன. தம் முகவரியென்று அவை எதனைக் கருதுகின்றனவோ, அம்முகவரிக்கு வெளியிலிருந்து ஒரு மறுமொழியும் வந்து சேராது.

இணையத்தின் வழியாகத் தொலைபேசி பேசும் முறை பரவத் தொடங்கிய காலத்தில் இக்குறை பெருந்தொல்லையாய் வந்து நின்றது. கடல் கடந்து வாழும் மகனுக்குத் தாய் அழைப்பு விடுப்பாள். அங்கே மணி ஒலிக்கும். மகன் எடுத்து, “அம்மா!” என்பான். இங்கே தாயின் காதில் ஒன்றும் விழாது. அங்கே மணி ஒலித்ததென்ற செய்திகூட அவளுக்கு எட்டியிராது. சிறிது நேரத்தில் அழைப்பு அறுந்து போகும். கருவியிற் பழுதில்லை; கம்பியிலும் பழுதில்லை. மறுமொழி புறப்பட்டது உண்மை; அது தவறான வாயிலுக்குச் சென்றதே குறை.

அவ்வாயிலைச் சீர்செய்த வரலாற்றையே இங்கு கூற முற்படுகின்றோம். பொறியியல் கற்பிப்பது எம் நோக்கமன்று. இரு சாரார் தத்தம் நிலையிலே நன்மை கருதிச் செய்த இரண்டு காரியங்கள் எவ்வாறு ஒன்றோடொன்று மோதின, அம்மோதலை எவ்வளவு சிறிய திருத்தம் ஒன்று தணித்தது, தணியாது எஞ்சி நிற்பது யாது என்பவற்றை இளைஞர் அறிதல் நன்று என்பதே எம் கருத்து.

முகவரிப் பஞ்சம்

இணையத்தின் விதிகள் யாவும் ‘ஆர். எவ். சி.’ எனப்படும் தொடர்வரிசையிலே எண்ணிட்டு வெளியிடப்படுவன. கருத்துரை வேண்டி வெளியிடும் மடல் என்பது அப்பெயரின் பொருள். அவ்வரிசையில் 791 ஆம் மடல் 1981 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் வெளிவந்து இணைய முகவரி முறையை வகுத்தது. 1983 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆம் திகதி அமெரிக்காவின் ‘ஆர்ப்பாநெற்’ என்னும் வலையமைப்பு தன் பழைய முறையைக் கைவிட்டு இப்புதிய முறைக்கு மாறிற்று. இம்முறையில் ஒவ்வொரு முகவரியும் 32 இரும இலக்கங்களால் ஆனது. ஆகவே உண்டாகக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,294,967,296. ஏறக்குறைய 429 கோடி. சில நூறு கணினிகளே இணைந்திருந்த அந்நாளில் இத்தொகை கடல் போலத் தோன்றியிருக்கும். கடலென்று கருதியதாற்போலும், பல்கலைக்கழகங்களுக்கும் பெரு நிறுவனங்களுக்கும் முகவரிகளைப் பெருங்கட்டுகளாக அள்ளிக் கொடுத்தனர்.

பத்து ஆண்டுகள் கழியுமுன்னரே கடல் குளமாய்ச் சுருங்கக் கண்டனர். 1993 ஆம் ஆண்டிலே, கட்டுகளைச் சிறிதுசிறிதாகப் பகிர்ந்தளிக்கும் சிக்கன முறை ஒன்று வகுக்கப்பட்டது. மிக நீண்ட முகவரிகளையுடைய புதிய முறை ஒன்றை ஆக்கும் முயற்சியும் நடந்தது. ஆனால் புதியது வந்து சேரும்வரை பழையது தாங்குமோ என்ற அச்சம் நீங்கவில்லை. அவ்வச்சத்துக்கு மருந்தாக 1994 ஆம் ஆண்டு மே மாதத்தில் கெல்ட் எகவாங், போல் பிரான்சிஸ் என்னும் இருவர் 1631 ஆம் மடலை வெளியிட்டனர். முகவரி மாற்றி என்னும் பொறியை விவரித்த மடல் அதுவே.

அப்பொறியின் செயலை ஒரு மாணவர் விடுதியை எடுத்துக்காட்டி விளக்கலாம். விடுதியில் அறைகளுக்கு 1, 2, 3 என எண்கள் உண்டு. அடுத்த ஊர் விடுதியிலும் அதே எண்கள் உண்டு. அதனால் எவர்க்கும் இடையூறில்லை. 20 ஆம் அறை மாணவன் வெளியே கடிதம் அனுப்பும்போது, வாயிலில் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞர் உறையின் ஓரத்திலுள்ள அறை எண்ணை அழித்து, விடுதியின் முகவரியையும் தம் பதிவேட்டின் வரிசை எண் ஒன்றையும் எழுதுகிறார். இன்ன வரிசை எண் இன்ன அறைக்குரியது என்று பதிவேட்டிற் குறித்துக்கொள்கிறார். அவ்வரிசை எண்ணோடு மறுமொழி வந்தால் ஏட்டைப் புரட்டி உரியவனிடம் சேர்ப்பிக்கிறார். ஏட்டில் இல்லாத எண்ணோடு வருவதைக் குப்பைக் கூடையில் இடுகிறார். சில காலம் கடிதப் போக்குவரத்து இல்லையேல் அப்பதிவையும் அடித்துவிடுகிறார். இவ்வாறு ஒரே முகவரியைக் கொண்டு ஒரு விடுதி முழுவதும் வாழ முடிகின்றது. இன்று வீட்டு மூலையில் விளக்குச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ‘ரவுட்டர்’ பெட்டிக்குள் இருப்பவர் இந்த எழுதுவினைஞரே.

அறை எண்களைப் போல எவரும் தம்முள் வழங்கிக்கொள்ளத்தக்க முகவரிகள் 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து 1918 ஆம் மடலில் உறுதி செய்யப்பட்டன. 192.168 எனத் தொடங்கும் எண்களை வாசகர் பலர் கண்டிருப்பர். அவை அவ்வகையைச் சேர்ந்தன. தொடக்கத்தில் முகவரியை மட்டும் மாற்றுவதே இப்பொறியின் வேலையாக இருந்தது. பின்னர் அது துறை எண்ணையும் மாற்றலாயிற்று. துறை எண் என்பது ஒரு கணினியின் பல வாயில்களுள் ஒன்றைக் குறிக்கும் எண். நம் உவமையில் பதிவேட்டின் வரிசை எண்ணாக நின்றது இதுவே. 2001 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்து 3022 ஆம் மடல் இவ்விரு வகை மாற்றத்தையும் விவரிக்கின்றது. முகவரியோடு துறை எண்ணும் மாறிற்று என்பதை வாசகர் நினைவில் இருத்துக. பின்வரும் துன்பம் முழுவதும் அதிலிருந்தே பிறந்தது.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். இப்பொறியை வகுத்தவர் இதனைப் புகழ்ந்து எழுதினாரல்லர். தம் மடலின் முடிவிலேயே இதன் தீமைகளை எண்ணிக் காட்டி, நெடுங்காலத்துக்கு இது ஏற்றதன்று, குறுங்காலத்துக்குங்கூட ஏற்றதாகாமற் போகலாம் என்று எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கையை உலகம் படிக்கவில்லை; பொறியை மட்டும் எடுத்துக்கொண்டது.

அழைப்பு நெறியின் பிறப்பு

இதே ஆண்டுகளிலே வேறொரு பக்கத்தில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1992 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சான் டியேகோ நகரிற் கூடிய இணையப் பொறியியற் பணிக்குழுவின் கூட்டத்து ஒலி, இணையத்தின் வழியாகத் தொலைவிடங்கள் பலவற்றுக்கு ஒருங்கே அனுப்பப்பட்டது. 1995 ஆம் ஆண்டிலே இஸ்ரேல் நாட்டு வொக்கல்ரெக் நிறுவனம் இணையத் தொலைபேசி மென்பொருள் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. குரலைப் பொதிகளாக்கி அனுப்பலாம் என்பது இவற்றால் தெளிவாயிற்று. ஆனால், இன்னாரோடு பேச விரும்புகின்றேன் என்று அறிவித்தலும், மணியடித்தலும், எடுத்தலும், வைத்தலும் ஆகிய குறிகளை எவ்வாறு பரிமாறுவது என்பதற்குப் பொதுவான நெறி வேண்டியிருந்தது.

1996 ஆம் ஆண்டிலே இதற்கென இரண்டு வரைவுகள் எழுந்தன. ஒன்று மார்க் ஹான்ட்லி, ஈவ் ஸ்கூலர் ஆகியோருடையது. மற்றையது ஹென்னிங் ஷூல்ஸ்றின் எழுதியது. போட்டியாக நின்றிருக்கக்கூடிய இரண்டையும் இணைத்து ஒன்றாக்கினர். யொனதன் றோசன்பேர்க் என்பாரும் சேர்ந்துகொள்ள, நால்வர் பெயரோடு 1999 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 2543 ஆம் மடல் வெளிவந்தது. ‘சிப்’ என்று சுருக்கமாக வழங்கும் அமர்வு தொடக்க நெறிமுறை அதுவே. 2000 ஆம் ஆண்டிலே கைத்தொலைபேசித் துறையினரின் கூட்டமைப்பு தன் வருங்கால வலையமைப்புக்கு இதனைத் தேர்ந்துகொண்டது. திருத்தமும் விரிவும் பெற்று, 2002 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எண்மர் பெயரோடு, 269 பக்கங்களில், 3261 ஆம் மடலாக அது மீண்டும் வந்தது.

இந்நெறியிற் செல்லும் மடல்கள் மனிதன் வாசிக்கக்கூடிய எழுத்துக்களால் ஆனவை. அழைப்பவர் கருவி ‘இன்வைற்’ என்னும் அழைப்பு மடலை அனுப்பும். மணி ஒலித்தால் 180 என்ற எண்ணோடும், எடுத்தால் 200 என்ற எண்ணோடும் மறுமொழி வரும். 200 கிடைத்தமைக்கு அழைத்தவர் ஒப்புகை அனுப்புவார். பின்னர் பேச்சுத் தொடங்கும்.

மறுமொழி எவ்வழியே திரும்புகின்றது? கச்சேரிக்குச் செல்லும் விண்ணப்பம் ஒன்றை எண்ணுக. அது மேசை மேசையாக ஏறும்போது ஒவ்வொரு மேசையும் தன் முத்திரையைப் பதிக்கின்றது. முடிவு எழுதப்பட்ட பின்னர், கடைசி முத்திரையிலிருந்து முதல் முத்திரை வரை வந்த வழியே அது இறங்குகின்றது. ‘சிப்’ நெறியிலும் அவ்வாறே. அழைப்பு மடலைக் கையாளும் ஒவ்வொரு சேவையகமும் மடலின் தலைப்பிலே ‘வயா’ என்னும் வரி ஒன்றை மேலே சேர்க்கும். ‘வழியாக’ என்பது அதன் பொருள். அவ்வரியில் தன் முகவரியும் துறை எண்ணும் இருக்கும். மறுமொழி திரும்பும்போது ஒவ்வொருவரும் தம் வரியை நீக்கிவிட்டு, அடுத்த வரி காட்டும் இடத்துக்கு அனுப்புவர். எந்தச் சேவையகமும் எதனையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. வழி முழுவதும் மடலிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. மிக அழகிய ஏற்பாடு இது.

பாதி கண்டது, பாதி கேட்டது

இவ்வழகிய ஏற்பாடு விடுதி வாயிலில் வந்து இடறிற்று. எழுதுவினைஞர் மாற்றுவது உறையின் ஓரத்தை மட்டுமே. உறையைப் பிரித்து உள்ளிருக்கும் கடிதத்தை அவர் திருத்துவதில்லை. ‘வயா’ வரியோ கடிதத்தின் உள்ளே இருப்பது. அதில் மாணவன் தன் அறை எண்ணையே எழுதியிருக்கிறான்.

நெறியை வகுத்தவர் இதனை முற்றும் எண்ணாதவரல்லர். அனுப்புபவன் தன் முகவரியைப் பிழையாக எழுதியிருக்கக்கூடும் என்று எண்ணி, பெறும் சேவையகம் ‘வயா’ வரியை உறையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்றும், முகவரி வேறுபட்டால் உண்மையில் மடல் வந்த முகவரியை அவ்வரியின் பக்கத்தே குறித்து, மறுமொழியை அங்கேயே அனுப்பவேண்டும் என்றும் விதித்தனர். ஆனால் துறை எண்ணை மட்டும் அனுப்பியவன் எழுதியபடியே கொண்டனர். ஆகவே மறுமொழி செல்லுமிடத்தில் முகவரி கண்ணாற் கண்டது. துறை எண் வாய்ச்சொல்லாற் கேட்டது. பாதி கண்டும் பாதி கேட்டும் கணிக்கப்பட்ட இடம் அது.

இவ்வாறு விதித்ததற்கும் காரணம் உண்டு. ஆயிரக்கணக்கான அழைப்புகளைக் கையாளும் பெரிய சேவையகம், மடல்களை எந்த வாயிலால் அனுப்பினாலும், வருவன யாவற்றையும் ஒரே வாயிலில் ஏற்க விரும்பும். அதற்கு அது எழுதிய துறை எண்ணை மதித்தல் வேண்டும். பெரியவர் வசதிக்காகச் செய்த விதி அது. சிறியவர் வீட்டு வாயிலில் அது பொருந்தவில்லை.

நடந்ததை எண்களாற் காட்டுவோம். வீட்டினுள்ளே கருவியின் முகவரி 192.168.1.20, துறை 5060. முகவரி மாற்றி வெளியே காட்டுவது 203.0.113.7, துறை 41822. (பின்னையது உதாரணங்களுக்கென ஒதுக்கப்பட்ட முகவரி, எவர் வீட்டுக்கும் உரியதன்று.) சேவையகம் உறையைப் பார்த்து முகவரியைத் திருத்திக்கொள்ளும். துறையை மட்டும் கடிதத்திற் கண்டபடி 5060 என்றே கொள்ளும். மறுமொழி 203.0.113.7 இன் 5060 ஆம் துறைக்குச் செல்லும். எழுதுவினைஞர் ஏட்டைப் புரட்டுவார். 41822 க்குப் பதிவு உண்டு; 5060 க்கு இல்லை. மறுமொழி குப்பைக் கூடைக்குப் போகும்.

அழைத்த கருவிக்கு ஒன்றும் தெரியாது. அரை வினாடி பொறுத்து அழைப்பை மீண்டும் அனுப்பும். பின்னர் ஒரு வினாடி, இரண்டு, நான்கு என இடைவெளியை இரட்டித்து, மொத்தம் ஏழு முறை அனுப்பி, 32 வினாடியிற் கைவிடும். அப்பக்கத்திலே தொலைபேசியை எடுத்தவரோ, “ஹலோ, ஹலோ” என்று வெறுமையோடு பேசிக்கொண்டிருப்பார். அவர் அனுப்பிய 200 க்கு ஒப்புகை வாராமையால் அவர் கருவியும் 32 வினாடியில் அழைப்பை முடித்துவிடும். தாயும் மகனும் ஒருவரையொருவர் குறைகூறியோ, கருவியைக் குறைகூறியோ அமைவர்.

இத்துன்பம் எல்லா வீட்டிலும் ஒருபடித்தாக இருக்கவுமில்லை. சில முகவரி மாற்றிகள், உள்ளே இருந்த துறை எண் வெளியேயும் ஒழிவாக இருந்தால் அதனையே வழங்கும். அவ்வீட்டில் முதற் தொலைபேசி நன்றாக இயங்கும். இரண்டாவதை வாங்கி வைத்தால் அது மட்டும் ஊமையாகும். ஒரு வீட்டில் ஒலிப்பது அடுத்த வீட்டில் ஒலியாது. நோயின் காரணம் விளங்காமைக்கு இதுவும் ஒரு காரணம்.

வெற்றிடமாய் விட்ட ஒரு சொல்

2003 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் றோசன்பேர்க், ஷூல்ஸ்றின் ஆகிய இருவரும் 3581 ஆம் மடலை வெளியிட்டனர். 269 பக்கத்து மடலோடு ஒப்பிட இது சில பக்கங்களே உடையது. இது கூறும் மருந்தும் ஒரு சொல்லே. ‘ஆர்போர்ட்’ என்பது அச்சொல். மறுமொழிக்குரிய துறை என்று பொருள் கொள்ளலாம்.

அழைக்கும் கருவி தன் ‘வயா’ வரியிலே இச்சொல்லை எழுதி, அதற்கு எதிரே எண் யாதும் இடாமல் வெற்றிடமாய் விடும். என் துறை எது என்று எனக்குத் தெரியாது. தாங்கள் கண்டதை எழுதுக என்பது அவ்வெற்றிடத்தின் கருத்து. சேவையகம் உறையைப் பார்த்து, மடல் வந்த துறை எண்ணை, நம் உதாரணத்தில் 41822 ஐ, அவ்விடத்தே நிரப்பும். கண்ட முகவரியையும் தவறாது குறிக்கும். மறுமொழியை அவ்விரண்டுக்குமே அனுப்பும். ஏட்டிற் பதிவு உண்டு, கதவு திறக்கும், தாயின் காதில் மணியோசை விழும்.

இம்மடல் மேலும் இரண்டு விதிகளைச் சேர்த்தது. சேவையகம் எந்த வாயிலில் அழைப்பைப் பெற்றதோ அதே வாயிலிலிருந்தே மறுமொழியை அனுப்பவேண்டும்; ஏனெனில் கண்டிப்பான எழுதுவினைஞர் சிலர், தம் மாணவன் எவருக்கு எழுதினானோ அவரிடமிருந்து வருவதையே ஏற்பர். அழைத்தவனும் தான் அனுப்பிய வாயிலிலேயே மறுமொழிக்குக் காத்திருத்தல் வேண்டும். மணி நெடுநேரம் ஒலிக்க நேரின் ஏட்டுப் பதிவு அடிபடாதிருக்கும்பொருட்டு, ஏறக்குறைய 20 வினாடிக்கொரு முறை அழைப்பு மடலை மீண்டும் அனுப்புதல் நன்றென்றும் கூறிற்று.

இத்திருத்தத்தின் சிறப்பு யாதெனின், இது எவரையும் வற்புறுத்தவில்லை. சொல்லை எழுதாத பழைய கருவிகளுக்குச் சேவையகம் பழைய முறையிலேயே மறுமொழி அளிக்கும். சொல்லை அறியாத பழைய சேவையகங்கள் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடும். பெரியவர் வசதியும் கெடவில்லை. சிறியவர் வாயிலும் திறந்தது. கேட்டவருக்கே கொடுக்கப்பட்டமையால் இது கலகமின்றிப் பரவிற்று. இன்று ‘சிப்’ மடல்களை எடுத்துப் பார்ப்போர் இச்சொல்லைப் பெரும்பாலும் காண்பர்.

எஞ்சி நின்ற துன்பம்

ஆனால் மறுமொழி வந்ததோடு துன்பம் ஒழிந்ததில்லை. மணி ஒலித்தது, எடுத்தாயிற்று, இனிக் குரல் வரவேண்டும். குரற் பொதிகள் செல்வது வேறு வாயிலால். அவ்வாயிலின் முகவரி கடிதத்தின் உடலினுள்ளே எழுதப்பட்டிருக்கும். அதுவும் அறை எண்ணே. ஆகவே ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்க, மற்றவர் குரல் இவருக்குக் கேளாத நிலை உண்டாயிற்று.

இதற்கும் மருந்து தேடினர். 2003 ஆம் ஆண்டு மார்ச் மாதத்து 3489 ஆம் மடல், வெளியேயுள்ள சேவையகம் ஒன்றை வினவி, நான் உமக்கு எங்கிருந்து வருவதாகத் தோன்றுகின்றது என்று கேட்டறியும் ‘ஸ்ரன்’ முறையை வகுத்தது. தொடக்கத்தில் இதுவே முழு மருந்து என எண்ணினர். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வரிசை எண் வழங்கும் முகவரி மாற்றிகளிடத்தே இது பலிக்கவில்லை. 2008 ஆம் ஆண்டிலே அதனைத் திருத்தியவர்கள், இது முழுத் தீர்வன்று, தீர்வுக்கு உதவும் ஒரு கருவியே என்று ஒப்புக்கொண்டு பெயரின் விரிவையும் மாற்றினர். 2010 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே, குரலை நடுவில் நின்று வாங்கி மறுபுறம் கொடுக்கும் இடைத்தரகர் முறையும், எல்லா வழிகளையும் சோதித்து நல்லதைத் தெரியும் முறையும் மடல்களாக வந்தன.

இன்னொரு குறையும் இருந்தது. ‘ஆர்போர்ட்’ திறந்தது மறுமொழிக்குரிய கதவை மட்டுமே. நாமே அழைத்தால் மறுமொழி வரும்; பிறர் நம்மைப் புதிதாக அழைப்பதெப்படி? பிறர் அழைக்க முடியாத தொலைபேசி தொலைபேசியாகுமா? 2009 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்து 5626 ஆம் மடல் இதற்கு வழி கூறிற்று. கருவி தன் சேவையகத்தோடு ஏற்படுத்திய வழியை இடைவிடாத சிறு தட்டுதல்களால் திறந்தே வைத்திருக்கும். வெளியிலிருந்து வரும் அழைப்பும் அவ்வழியாலேயே உள்ளே வரும். மறுமொழிக்குக் கண்ட உபாயத்தையே அழைப்புக்கும் விரித்தனர் எனலாம்.

‘ஆர்போர்ட்’ பிறந்த அதே 2003 ஓகஸ்ட் மாதத்தின் இறுதியில் ‘ஸ்கைப்’ வெளிவந்தது வரலாற்றில் ஒரு பொருத்தம். அது ‘சிப்’ நெறியைத் தழுவியதன்று. வெளியுலகம் நேரே அடையக்கூடிய முகவரியுடைய பயனர்களின் கணினிகளையே இடைத்தரகராக்கி, முகவரி மாற்றிகளின் பின்னால் இருந்தவர்களை இணைத்தது. பொது நெறி பல மடல்களாக மெல்ல மெல்ல அடைந்ததை அது ஒரே பெட்டியில் வைத்துக் கொடுத்தமையால் மக்கள் அதனைத் தழுவினர். அதன் சேவை 2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. ‘சிப்’ நெறியோ நான்காம் தலைமுறைக் கைத்தொலைபேசிகளின் குரலழைப்பில் இன்றும் இயங்குகின்றது. ஒரு நிறுவனத்தின் பொருள் அந்நிறுவனம் விரும்பும்வரை வாழும். எல்லார்க்கும் பொதுவென எழுதி வைத்த நெறி அதற்குப் பின்னும் வாழக்கூடும் என்பதற்கு இது சான்று.

தற்காலிகம் நிலைத்த கதை

2002 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, இணையக் கட்டமைப்பு மன்றம் 3424 ஆம் மடலில் இத்தகைய உபாயங்கள் அனைத்தையும் பற்றி ஓர் அறிவுரை கூறிற்று. முகவரி மாற்றியின் பின்னால் இருந்துகொண்டு தன் வெளிமுகவரியை ஊகிக்கும் எந்த முறையும், தான் எப்போது எவ்வாறு விலகும் என்பதையும் கூறவேண்டும் என்பது அது. தற்காலிகமென்று வருவது தங்கிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அறிந்தும் அவ்வாறே நடந்தது. 128 இரும இலக்கங்களைக் கொண்ட புதிய முகவரி முறை 1995 ஆம் ஆண்டிலேயே மடலாக வெளிவந்துவிட்டது. அதில் உலகிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கொடுத்தும் மிஞ்சும். ஆனால் எழுதுவினைஞரைக் கொண்டு காலந்தள்ள முடிந்தமையால் புதிய முறைக்கு மாறும் அவசரம் எவருக்கும் இருக்கவில்லை. 2011 ஆம் ஆண்டு பெப்ரவரி 3 ஆம் திகதி உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த பழைய முகவரிகளின் கடைசிக் கட்டுகள் பங்கிடப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலே, இலங்கையும் உள்ளடங்கிய ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பும் கடைசிக் கட்டுக்கு வந்து பங்கீட்டு முறை தொடங்கிற்று. 2012 ஆம் ஆண்டிலே, வீட்டிலுள்ள முகவரி மாற்றிக்கு மேலே தொலைத்தொடர்பு நிறுவனத்தாரும் ஒரு முகவரி மாற்றியை வைத்துக்கொள்வதற்கென்று தனி முகவரிக் கட்டு ஒதுக்கப்பட்டது. விடுதிகள் பலவற்றைச் சேர்த்து ஒரு பெரிய விடுதி. அதன் வாயிலில் இன்னுமோர் எழுதுவினைஞர்.

இதனால் இழந்தது யாது? இணையத்தின் ஆதி எண்ணத்திலே இணைந்த கணினிகள் யாவும் சமம். எதுவும் எதனையும் அழைக்கலாம். இன்று நம் கருவி அழைக்கலாம். எவராவது நடுவில் நின்று உதவினாலன்றி அழைக்கப்பட முடியாது. அந்நடுவர் பெரும்பாலும் ஒரு பெரு நிறுவனம். நாம் யாரோடு எப்போது பேசினோம் என்பதை அறியக்கூடிய இடத்தில் அது இருக்கின்றது. முகவரி குறைந்ததால் வந்த வினை, எவர் எவரைச் சார்ந்து நிற்பது என்பதையும் மாற்றிவிட்டது. எனினும் முகவரி மாற்றியை வகுத்தவரைப் பழித்தல் முறையன்று. அப்பொறி இல்லையேல் பிற்காலத்தே வந்தவர் பலர் இணையத்தின் வாயிலைக்கூடக் கண்டிருக்கமாட்டார்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து முதியோர் ஒன்றும் இளைஞர் ஒன்றும் எடுத்துக்கொள்ளலாம் என்று கருதுகின்றோம். “இப்போதைக்கு இப்படி இருக்கட்டும்” என்று சங்கங்களிலும் சபைகளிலும் செய்யும் ஏற்பாடுகள் ஒரு தலைமுறை கடந்தும் நிற்பதை முதியோர் பலமுறை கண்டிருப்பர். அத்தகைய ஏற்பாட்டைச் செய்யும்போதே அதன் தீமையையும், அது விலகவேண்டிய காலத்தையும் எழுதி வைத்தல் கடன். 1994 இல் அதனை எழுதினர், படிப்பாரில்லை. எழுதுவது பாதி, அதனை ஆண்டுதோறும் எடுத்து வாசித்து நினைவூட்டுவது மறுபாதி.

இளைஞர்களே! நாம் யாரென்று நாம் கூறிக்கொள்வது ஒன்று. பிறர் நம்மை எங்கே காண்கின்றனர் என்பது பிறிதொன்று. தன் முகவரியைத் தானே உறுதியாக எழுதிய கருவிக்கு மறுமொழி வரவில்லை. என் துறை எனக்குத் தெரியாது, தாங்கள் கண்டதை எழுதுங்கள் என்று ஓரிடத்தை வெற்றிடமாய் விட்ட கருவிக்கே மறுமொழி வந்தது. அறியாததை அறியேன் என்று விட்டுவைத்து, அறிந்தவரிடம் கேட்டுக்கொள்வதனால் எவரும் தாழ்ந்துவிடுவதில்லை. அடுத்த முறை கடல் கடந்த உறவினரின் குரல் தெளிவாகக் காதில் விழும்போது, அதற்குப் பின்னால் யாரோ இருவர் விட்டுவைத்த ஒரு வெற்றிடமும் இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பீர்களாக.